அவன் பால் குடித்ததை யாரும் பார்க்கவில்லை

உறுதியாகத் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று காலை உன் பேரனுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்த பால் செரிக்கவில்லை. அடுத்த முறை கொடுப்பதற்கு முன் தாதி சிரிஞ்சால் இழுத்துப் பார்த்திருக்கிறார். கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருக்கிறது, கொஞ்சம் பச்சை நிறம் கலந்து. பாலை நிறுத்திவிட்டார்கள். இதைச் சொன்னவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் காலை வேலையில் இருந்த தாதி. கதவடிக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு வெளியே வந்த டொக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

நான் கொண்டுபோன தாய்ப்பாலைத் தாதி வாங்கவில்லை. "இண்டைக்கு வேணாம் அம்மா, கொண்டு போங்க" என்றார். அந்தச் சின்னப் போத்தல் இப்போது என் மேசையில் இருக்கிறது. சுற்றி வைத்த ஐஸ் கரைந்துவிட்டது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். இலேசான, தண்ணீர் கலந்தது போன்ற ஓர் இனிப்பு மணம். பல வருடங்களுக்கு முன் பத்திரிகை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து, அச்சு மையின் மணத்தோடு சேர்ந்து, இதே மணம் வரும். நீ ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு மறு கையால் என்னுடைய பிழைகளைத் திருத்திக்கொண்டிருப்பாய். அதுதான் உனக்கு எழுதத் தொடங்கினேன்.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. உன் மகள் கௌசிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது உனக்குத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளை பிறந்ததும், உன்னுடைய மூக்கு அவனுக்கு இருப்பதும் தெரியாது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சளித் தடிமன் பிடித்தது.

கௌசிக்கே இப்படி ஒரு தடிமன் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன், ஏனென்றால் அந்த முறை எல்லாம் சரியாக நடந்தது.

கடல் வந்த வருடம். தேற்றாத்தீவில் உன் வீடும் போய், கணவரும் போய், கைக்குழந்தையோடு நீ வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தாய். பத்திரிகைக்காக இடம்பெயர்ந்தவர்களின் விபரம் எடுக்க வந்த நான், வகுப்பறை ஒன்றில் உன்னைக் கண்டேன். இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு சீலையைக் கட்டி அதற்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயை ஆட்கள் பார்த்தால் பாலுக்குக் கண்ணூறு, நாவூறு படும் என்று உன் தாய் சொல்லியிருந்தாவாம். தாயையும் கடல் கொண்டுபோயிருந்தது. அவ சொன்ன ஒன்றையாவது காப்பாற்றுகிறாய் என்று நான் நினைத்தேன்.

அந்த வகுப்பறையில் உங்கள் கரையைச் சேர்ந்த பாக்கியம் அக்கா இருந்தா. மீன் விற்கிறவ. சந்தையில் கத்திப் பழகிய குரல். அவ சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இஞ்ச பாருகா புள்ள, விடிஞ்சதிலேருந்து கொடியில எல்லார்ட புள்ளேர சீலையும் காயிது. உன்ட புள்ளேர ஒண்டையும் காணல்ல. உன்ட மகள் மூத்திரம் பேய்ஞ்சு களைச்சுப்போய் லீவு எடுத்திற்றாளா?"

சிலர் சிரித்தார்கள். நீ கோபத்தோடு, "அவள் குடிச்சிற்றுத்தான் கிடக்கிறாள் அக்கா" என்றாய்.

"குடிச்சது எங்க போச்சு? எனக்குக் காட்டு பாப்பம்."

காட்டச் சொல்லிவிட்டு, நீ காட்டும்வரை அவ நிற்கவில்லை. சீலையை இழுத்து எறிந்தா. எல்லோரும் பார்த்தோம். கௌசியின் வாய் உன் மார்பில் இருந்தது. ஆனால் அவள் உறிஞ்சவில்லை. இரண்டு இழுப்பு இழுப்பாள், உடனே வாயை விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், பிறகு சோர்ந்து கண்ணை மூடுவாள். மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது.

"மூக்கு அடைச்ச புள்ள என்னெண்டுகா குடிக்கும்? வாயையும் மூடினா மூச்சுக்கு எங்க போற?" என்று பாக்கியம் அக்கா சொன்னா. அப்போது அவவின் குரல் இறங்கியிருந்தது.

அன்று பகல் வைத்தியக் குழு ஒன்று வந்தது. இளம் டொக்டர். உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். இது நெஞ்சுச் சளி, இந்த வயதில் மருந்தைவிடப் பால்தான் முக்கியம், பால் உள்ளே போகாவிட்டால் பிள்ளை காய்ந்துபோகும் என்றார். பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு விட வேண்டும். மார்பில் இழுக்கச் சக்தி இல்லாவிட்டால் பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் நிறைய அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தலை உயர்ந்திருக்க வேண்டும். நெஞ்சு உள்ளே இழுத்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆசுப்பத்திரிக்கு. பின்னால் நின்ற யாரோ, "கொத்தமல்லித் தண்ணி குடுத்தா என்ன ஐயா?" என்று கேட்டார்கள். "அம்மாட பால் மட்டும். வெறுந் தண்ணியும் வேணாம்" என்றார்.

அதன் பிறகு நீ சீலை கட்டவில்லை. கட்டினாலும் விட்டிருக்க மாட்டார்கள். நீ கரண்டியைக் கௌசியின் வாயில் வைக்கும்போது அந்த வகுப்பறையே திரும்பிப் பார்த்தது. நீ தூங்கிவிட்டால் யாராவது தட்டி எழுப்பினார்கள். ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள். "இப்பதானே குடுத்த?" "இல்லகா, அது வெயிலுக்கு முதல்." தாயை இழந்தவர்களும் பிள்ளையை இழந்தவர்களும் இருந்த அந்த இடத்தில் அவர்களுக்குப் பார்க்க ஒரு பிள்ளை கிடைத்தது. அடுத்த நாள் நான் மறுபடி வந்தபோது, பாக்கியம் அக்கா ஈரச் சீலைத் துண்டு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றா.

"பேய்ஞ்சிற்றாள்!" என்று கத்தினா. "இஞ்ச பாருங்க, எங்கட ராசாத்தி பேய்ஞ்சிற்றாள்! பத்திரிகையில போடுங்க!"

கடல் வந்த பிறகு நீ சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பத்திரிகையில் நான் அதைப் போடவில்லை. ஆனால் அந்த முகாமில்தான் நீ எழுத்துப் பிழை பார்க்கக் கூடியவள் என்று தெரிந்துகொண்டேன். நான் எழுதிக்கொடுத்த பட்டியலில் இருந்த பிழைகளை, பிள்ளை மடியில் கிடக்க, பென்சிலால் சுழித்துவிட்டாய். அடுத்த வைகாசியில் எங்கள் அலுவலகத்தில் அச்சுப்பிழை ஒப்புநோக்க வந்து சேர்ந்தாய்.

அங்கேயும் நீ மறைக்கவில்லை. அச்சுப் பகுதிப் பொறுப்பாளர் பாவம், ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவுடன் சுவர்க் கலண்டரைப் படிக்கத் தொடங்கிவிடுவார். ஒருநாள் அவர், "தங்கச்சி, ஒரு துணியக் கிணியப் போட்டா நல்லம்தானே, நாவூறு படுமெல்லோ" என்று கலண்டரிடம் சொன்னார். நீ தலையை நிமிர்த்தாமலே, "அண்ணே, நாலு பேர் பாத்ததாலதான் இது உயிரோட கிடக்கு. நீங்களும் வேணுமெண்டால் பாத்திற்றுப் போங்க, முதலாம் பக்கத்தில ரெண்டு பிழை கிடக்கு, அதையும் பாருங்க" என்றாய். மனிதர் அதன் பிறகு ஒரு வாரம் பையனிடம் பக்கங்களைக் கொடுத்து அனுப்பினார்.

என்னுடைய எழுத்தில் நீ அதிகம் வெட்டிய சொல் 'அறியப்படுகிறது'. "ஆர் அறிஞ்ச?" என்று ஓரத்தில் எழுதுவாய். இப்போது நான் எழுதப் போவதில் அந்தச் சொல் வராது. எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன்.

கௌசியின் மாப்பிள்ளைக்குக் கட்டார் நாட்டில் வேலை. பிள்ளைப்பேற்றுக்கு நீ இல்லாததால் அவனுடைய தாய் பனிச்சங்கேணியிலிருந்து வந்து உன் வீட்டில் நின்றா. நல்ல மனுசி. இதை நீ நம்ப வேண்டும். கௌசியை எழும்பவிடாமல் சமைத்துக் கொடுத்தா, பால் ஊறட்டும் என்று சுறா மீனை உதிர்த்து வறை செய்து கொடுத்தா, பிள்ளையின் வேலைகளையெல்லாம் செய்தா. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தா. பால் கொடுக்கும்போது அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும். கௌசி கதவுக்கு முதுகு காட்டி, மேலே துணி போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வந்தவர்கள் விறாந்தையோடு நிற்க வேண்டும். பிள்ளை நன்றாகக் குடிக்கிறான் என்றும் சொல்லக்கூடாது, குடிக்கிறானில்லை என்றும் சொல்லக்கூடாது. அவவின் மூத்த பிள்ளை கைக்குழந்தையிலேயே தவறியிருக்கிறது. பால் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி பார்த்து, "என்ன மாதிரி இழுக்கிறான்!" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு நோய் வருத்தம் வந்ததாம். அன்றிலிருந்து அவ வீட்டில் இந்த வழக்கம். அந்த வழக்கத்தில் அவவும் அடக்கம். தானும் பார்க்கக்கூடாது என்று, கௌசி பால் கொடுக்கத் தொடங்கினால் குசினி அடுப்படிக்குப் போய்விடுவா.

முதலில் மாமியாருக்குத்தான் தடிமன் வந்தது. பிறகு கௌசிக்கு, பிறகு பிள்ளைக்கு. மூக்கு ஒழுகியது, கொஞ்சம் இருமினான். அறைக்குள், துணிக்கு அடியில், அவன் வாயை வைத்து வைத்து எடுத்திருக்கிறான். முதற்பிள்ளை. கௌசிக்கு எது குடிப்பது, எது வாயை வைத்துக்கொண்டு கிடப்பது என்று தெரியவில்லை. மார்பில் இருக்கும்வரை குடிக்கிறான் என்று நினைத்தாள். நீ இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். இதை எழுதுவதால் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கொடியும் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது கொடியில் காயப்போட ஒன்றுமில்லை. கட்டாரிலிருந்து காசு வருகிறது, பிள்ளைக்குப் பம்பஸ். அது காலையில் போட்டால் எப்போது நனைந்தது, எவ்வளவு நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. மாமியார் கழற்றும்போது பாரம் குறைவாக இருந்ததைக் கவனித்திருக்கிறா. "நல்ல சாமான், ஈரத்தையே காட்டுதில்ல" என்று கௌசியிடம் சொன்னாவாம்.

பிறகு அவன் அழுவதை நிறுத்தினான். அதைத்தான் இரண்டு பேரும் சுகம் வருகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். முந்தின நாள் முழுவதும் சிணுங்கியவன் இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறான். மாமியார் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தா. நான் அந்த நாட்களில் வாகரையில் ஒரு வேலையாக நின்றேன். தொலைபேசியில் கௌசி, "தடிமன் குறைஞ்சிற்று பெரியம்மா, நல்லா நித்திரை கொள்றான்" என்றாள்.

கண்டுபிடித்தவன் தகப்பன். வழக்கத்திலிருந்து தப்பிய ஒரே ஆள் அவன்தான். போன் வழியாகப் பார்ப்பது நாவூறில் சேருமா என்று அவன் தாய் யோசிக்கவில்லை போலும். வேலை முடிந்து வந்து வீடியோவில் அழைப்பு எடுத்தவன், தூங்கும் பிள்ளையைக் காட்டச் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதைக் கௌசி எனக்கு அப்படியே சொன்னாள்.

"கௌசி, போனை அவன்ட தலைக்குக் கிட்டப் பிடி. உச்சி ஏன் பள்ளமாக் கிடக்கு?"

"நிழல் அது."

"நிழலில்ல. லைட்டப் போடு. துணிய எடு, நெஞ்சப் பாப்பம். ஐயோ, ஏன் இவன்ட விலா இப்பிடி உள்ளுக்குப் போய்ப் போய் வருது? எழுப்பு அவன! எழுப்புகா!"

அவன் எழும்பவில்லை. கண்ணைத் திறந்தான், ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை. கௌசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போனை வைக்காமலே வெளியே ஓடினாளாம். ஆட்டோ ஆசுப்பத்திரி வாசலுக்குப் போகும்வரை கட்டாரிலிருந்து அவன், "மூச்சு இரிக்கா? மூச்சு இரிக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

பிள்ளைகள் வாட்டில் அவனுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். காய்ந்துபோன உடம்பில் நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடி, காலில் தேடி, கடைசியில் தலையில் ஊசி ஏற்றிச் சேலைன் விட்டார்கள். நான் வாகரையிலிருந்து வந்து சேர்ந்தபோது கௌசி கட்டிலருகில் நின்று தாதியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி, ஒருக்காப் பால் குடுத்துப் பாக்கட்டா? இப்ப குடிப்பான்."

"இப்ப வாயால குடுக்க ஏலாது மகள். இவ்வளவு வேகமா மூச்சு எடுக்கிற புள்ளைக்குப் பால் குடுத்தா அது நெஞ்சுக்குள்ள போயிரும். கொஞ்சம் பொறுங்க, மூச்சு ஆறினா மூக்கால குழாய் போட்டுக் குடுப்பம். நீங்க பாலைப் பீய்ச்சி வையுங்க. நிப்பாட்டிப் போடாதீங்க, நிப்பாட்டினா வத்திப் போயிரும்."

அடுத்த நாள் குழாய் போட்டார்கள். தாதி சிரிஞ்சைத் தூக்கிப் பிடிக்க, கௌசியின் பால் மெதுவாக இறங்கியது. அவனுடைய உதடுகள் சும்மா சப்புக்கொட்டின. சிறுநீரும் கொஞ்சம் போனது. தாதி பம்பஸைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த ஒரு பொழுதில் நான் உண்மையாகவே நம்பினேன். பள்ளிக்கூடத்து வாசலில் பாக்கியம் அக்கா கத்தியது போல ஒரு சத்தம் என் தொண்டைவரை வந்தது.

அது நீடிக்கவில்லை. வைரஸ் கிருமி வந்த நெஞ்சில் இன்னொரு கிருமியும் சேர்ந்துவிட்டது என்றார் டொக்டர். காய்ந்து கிடந்ததால் சிறுநீரகமும் அடிபட்டிருக்கிறது. அவன் இடைக்கிடை மூச்சு எடுக்க மறந்தான். தட்டினால் எடுப்பான், மறுபடி மறப்பான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டார்கள். மருந்திலும் கவனிப்பிலும் ஒரு குறையும் நான் காணவில்லை. தேடினேன். குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று தேடினேன்.

"நல்லா வரும் எண்டு சொல்ல ஏலாது அம்மா" என்று டொக்டர் எனக்குச் சொன்னார். "பிந்தித்தான் வந்தவங்க. செய்யிறதச் செய்யிறம்."

வெளியே வேப்பமரத்தடி வாங்குப் பலகையில் மாமியாரும் கௌசியும் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கட்டடங்களுக்கு இடையில் வாவி ஒரு துண்டு தெரியும். யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் அழவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தா.

"நானும் பாக்கல்ல மனே" என்றா. "நான் பாத்தாலும் பட்டிரும் எண்டு பயந்துதான் பாக்காம இருந்தன். மூத்தவனுக்கு ஆள் பாத்து வந்திச்சு எண்டு நினைச்சன். இவனுக்குப் பாக்காம வந்திற்று."

கௌசி "நீங்க வந்திருந்தாலும் நான் துணியால மறைச்சிருப்பன் மாமி" என்றாள். "எனக்கும் பயம்தானே."

பிறகு என்னைப் பார்த்து, "அம்மா இருந்தா கதவத் தள்ளிக்கொண்டு உள்ளுக்கு வந்திருப்பா, என்ன பெரியம்மா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன். உன்னுடைய பள்ளிக்கூடக் கதையை நீ அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அவளுக்கு அது தாய் சொல்லும் பகிடிக் கதை. மீன்காரி ஒருத்தி கௌசியின் மூத்திரச் சீலையைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்த கதை. அதை விளங்கிக்கொள்ள அவள் இந்த வாங்கில் வந்து இருக்க வேண்டியிருந்தது.

கௌசிக்கும் இப்போது காய்ச்சல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவளை விடுவதில்லை. அதனால் பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். காலையில் கதவடிக்குப் போவேன், ஒரு கண்ணாடி வழியாக அவனைக் காட்டுவார்கள். குழாய்களுக்கு நடுவில் அவன் மிகவும் சின்னதாகத் தெரிகிறான். தாதி சிரிஞ்சை உயர்த்தும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். இதை நான் அறியாமலே செய்கிறேன். நேற்றுத்தான் உணர்ந்தேன். கரண்டியைப் பிள்ளையின் வாயில் சரித்துவிட்டு, தொண்டை அசைந்து பால் இறங்கும்வரை நீ இப்படித்தான் மூச்சு விடாமல் இருப்பாய். இறங்கியதும் உன் தோள் தாழும். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்ததில் இப்போது மிஞ்சியிருப்பது இதுதான் போலும். அதுவும் அவனுக்கு உதவாது. பெரிய ஆள் ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே மூச்சை அடக்கினால் உள்ளே ஒன்றும் இறங்கிவிடாது.

இன்று காலை மூச்சு அடக்கவும் வேலை இருக்கவில்லை. போத்தலோடு திரும்பி வாங்குக்கு வந்தேன். மாமியார் அடுக்குச் சட்டியில் சோறும் சுறா வறையும் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தா. முந்தாநாளிலிருந்து கௌசி ஒரு பிடியும் சாப்பிடவில்லை, தண்ணீரும் இல்லை. பால் குறைந்துகொண்டு வருகிறது. நேற்றுப் பீய்ச்சியது போத்தலின் அடியை மறைக்கத்தான் போதுமாக இருந்தது.

"எடுத்தாங்களா?" என்று கௌசி கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு ஆசைதான். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். எடுக்கவில்லை, பால் செரிக்கவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள், சொன்னது தாதி, டொக்டரும் சொன்னார்.

"இனிக் குடுக்க மாட்டாங்களா?"

"நாளைக்குக் காலையில பாத்துத்தான் சொல்லுவாங்க."

"அப்ப குடுக்கவும் கூடும்."

"கூடும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல மகள். இல்லையெண்டும் சொல்லல்ல."

அவள் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். மாமியார் முதல் நாள்போல, சாப்பிடு மனே என்று கெஞ்சவில்லை. பிறகு கௌசி திரும்பி, மாமியாரின் மடியிலிருந்த சட்டியைத் தன்னிடம் இழுத்தாள்.

"நாளைக்குக் கேட்டாங்களெண்டால் என்னிட்டப் பால் இரிக்க வேணுமே" என்றாள்.

காய்ச்சலில் வாய் கசந்திருக்கும். ஒவ்வொரு பிடியையும் தண்ணீர் குடித்து விழுங்கினாள். ஒருமுறை ஓங்காளம் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு நின்று, அது அடங்கியதும் அடுத்த பிடியை எடுத்தாள். மாமியார் முதலில் பழக்கத்தில் முகத்தைத் திருப்பினா. பிறகு திரும்பி, நேரே பார்த்தா. சோறு முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவு இன்று பின்னேரம் வரும் என்றார்கள், இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை. பாலை மறுபடி தொடங்குவதா என்பதைப் பெரிய டொக்டர் நாளைக் காலை வாட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு சொல்வார். பகல் சாப்பாட்டுக்கு முன் தெரிந்துவிடும்.